பனியை மிதிக்கப் போன மூத்தவள்

மாப்ள,

நேற்று காலையில் ஷார்ஜா தொழில்பேட்டையில் என் பட்டறை வாசலில் ஒரு பழைய ஏசி மெஷினை இறக்கிவிட்டுப் போனார்கள். கூரைமேல் உட்காரும் பெரிய மெஷின். குளிர்காலத்தில் எங்களுக்கு வேலை குறைவு. யாராவது கழித்துக்கட்டியதை வாங்கிப்போட்டு, கோடைக்குள் பிரித்துச் சேர்த்து விற்பது வழக்கம். பக்கத் தகட்டைக் கழற்றி ஃபில்டரை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது, கிழிந்த மெத்தையிலிருந்து வருகிற மாதிரி பழுப்பு மயிர் கொத்துக்கொத்தாக என் மடியில் விழுந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டதும் ஒரு வாசனை எழுந்தது பார், எனக்குக் கை ஓடவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் பெங்காலி பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "க்யா ஹை பாய், பில்லி மர் கயா?" என்றார். பூனை இல்லை, நனைந்த ஒட்டக மயிர் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. தகட்டின் உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். மார்க்கர் பேனாவால் என் கையெழுத்து: 'கொட்டகை 2'. தமிழில்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும். என் மெஷினில் வேறு எவனும் கை வைக்கக்கூடாது என்கிற திமிர். மயிரை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னை ரொம்பத் தேடியது.

ராஸ் அல் கைமாவில், சிமென்ட் ஆலைகளைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பண்ணையை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மான், வரிக்குதிரை, நெருப்புக்கோழி, எல்லாவற்றுக்கும் மேல் ஏழு இரட்டைத் திமில் ஒட்டகங்கள். நம் அர்பாப் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்குப் போன இடத்தில் பார்த்து ஆசைப்பட்டு இறக்கியவை. ஆசைப்படுவது முதலாளி வேலை. அவற்றை உயிரோடு வைத்திருப்பது உன் வேலை. குளிரோடு வைத்திருப்பது என் வேலை. நீ கமுதிப் பக்கம், நான் அறந்தாங்கி. ஒரே அறையில் எதிரெதிர் கட்டில். நாம் பேசிக்கொண்ட முதல் பேச்சே சண்டைதான்.

"ஒட்டகத்துக்கு எதுக்குடா ஏசி? வெயில்ல கெடக்குற பிராணிதானே?" என்று நான் கேட்டேன்.

"இது அந்த ரகம் இல்ல மச்சான். இதுக ஊர்ல பனி கொட்டும். நீ மெஷின மட்டும் பாரு."

அந்த ஏழில் வயதான பெண் ஒட்டகத்தை நீ மூத்தவள் என்பாய். இடது காது கிழிந்தது. முன் திமில் ஒரு பக்கம் சாய்ந்து, தோளில் போட்ட துண்டு மாதிரி தொங்கும். சித்திரை பிறந்ததும் மயிர் கழன்று, தோலெல்லாம் புண்ணாகி, என் குளிர்காற்று இறங்கும் இடத்துக்கு நேர் கீழே சிமென்ட் தரையில் கழுத்தை நீட்டிப் படுத்துவிடுவாள். நீ மருந்து தடவிக்கொண்டே பேசுவாய். மெஸ்ஸில் என்ன குழம்பு, சூப்பர்வைசர் என்ன திட்டினார், ஊரில் மழையா இல்லையா, எல்லாம் அவளுக்கு ஒப்பிக்க வேண்டும். "அது என்ன உன் மாமியாரா?" என்று கேட்டால் உனக்குக் கோபம் வராது. ஒருநாள் மட்டும் மருந்துக் கையோடு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "நம்ம காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டு வந்தோம் மச்சான். இதுக என்ன கையெழுத்தா போட்டுச்சு?" அன்றைக்குக் காற்றை இரண்டு டிகிரி குறைத்து வைத்தேன்.

பிறகுதான் வெளிநாட்டிலிருந்து அந்த மிருக டாக்டரம்மா வந்தார். வடக்கே, பூமியின் உச்சிப் பக்கம், மரமே வளராத ஒரு குளிர் பிரதேசத்தில் பெரிய பெரிய புல் தின்னும் பிராணிகளைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். குதிரை, காட்டெருமை, தரையைத் துடைக்கிற மாதிரி மயிர் தொங்கும் ஒரு வகை மாடு. அர்பாபுக்கு என்ன தோன்றியதோ, ஏழையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நீ கேட்டாய், அங்கே போய் இதுகள் என்ன செய்யும் என்று. மலையாளி சூப்பர்வைசர் டாக்டரம்மாவின் இங்கிலீஷைத் தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றினார். "பனியைச் சவிட்டும். அத்ரதான்."

மிதிக்கும், அவ்வளவுதான் என்று அர்த்தம். உனக்குப் புரியவில்லை. எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது, அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த ஊரில் மண்ணுக்கு அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கிற ஒரு தரை இருக்கிறது. அது உருகக்கூடாது. உருகினால் உள்ளே கெட்டியாகக் கிடக்கிற பழைய வேரும் தழையும் அழுகி, ஆவி கிளம்பி, உலகத்துக்கே சூடு ஏறும். ஆனால் பனி தடிமனாக விழுந்து கம்பளி மாதிரி மூடிக்கொள்வதால் மேலே இருக்கிற கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. முன்காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த பிராணிகள் புல்லுக்காகக் காலால் பறித்தும் மிதித்தும் அந்தக் கம்பளியைக் கலைத்துக்கொண்டிருந்தன. மந்தை போயிற்று, கம்பளி நின்றுவிட்டது. "ஐஸ் பிடிச்ச காயில்டா மாப்ள," என்று அறையில் உனக்குச் சொன்னேன். "காயில் மேல ஐஸ் ஏறிட்டா மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், குளிர் மட்டும் ரூமுக்கு வராது. சுரண்டி விட்டாத்தான் வரும். சுரண்டுற வேலைக்குத்தான் உன் மூத்தவ போறா."

நீ எழுந்து உட்கார்ந்தாய். "அப்ப அதுக்கும் டூட்டி இருக்குன்னு சொல்லு," என்றாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை, உன் மகள் பாஸான அன்றைக்குக்கூட.

போவதற்கு ஆறு மாதம் முன்பு டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டார். ஒட்டகங்களைத் தொடக்கூடாது, பேர் சொல்லக்கூடாது, பேசவே கூடாது. தீவனத்தை வேலிக்கு வெளியிலிருந்து, கண்ணில் படாமல், ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில் தள்ளிவிட வேண்டும். மனிதனைத் தேடி வரும் பிராணி அங்கே தேறாது. குளிர்காலத்தில் பனியைப் பறித்துத் தின்னாமல் ஆள் இருக்கும் வாசலில் வந்து நின்று காய்ந்து சாகும். இல்லையென்றால் வேட்டைக்காரனிடம் தானாகவே நடந்துபோகும். மனிதன் குரலை மறக்காத ஒட்டகம் கடைசி வரைக்கும் பட்டியில்தான் என்றார்.

நீ தலையாட்டினாய். மறுநாளிலிருந்து தலைத்துண்டை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாய். சூப்பர்வைசர் கேலி செய்தார், கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறாய் என்று. வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று உனக்குப் பயம். எவ்வளவு மறைந்து போனாலும் மூத்தவள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்று உன்னையே பார்ப்பாள். நீ கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போவாய். அறைக்கு வந்தால் சாப்பிடவும் பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய். ஆறு மாதத்தில் ஒரு வார்த்தை நீ அவளிடம் பேசவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

தினமும் பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு உனக்கு ஊருக்குப் பேசும் நேரம். அங்கே மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். அறையில் சிக்னல் இல்லை, வெளியே கொதிக்கும் வெயில். அதனால் கொட்டகைக்குப் பின்னால், குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாய். அந்த இடத்தில் டக்ட்டின் இணைப்பில் நான் ஒரு இடைவெளி விட்டிருந்தேன். தெரிந்தே விட்டது. ஒரு சாண் டேப் ஒட்டினால் அடைபடும். நீ பேசும் நேரத்தில் உன் முதுகுக்குக் கொஞ்சம் குளிர்காற்று வரட்டும் என்று ஒட்டாமல் வைத்திருந்தேன். அர்பாபின் கரண்டில் உனக்கு ஒரு சின்ன உபகாரம். "ஒட்டகத்துக்கிட்ட பேசக்கூடாதுன்னுதானே சொன்னாங்க, வீட்டுக்குப் பேசக்கூடாதுன்னா சொன்னாங்க?" என்று உன்னைத் தைரியப்படுத்தியதும் நான்தான். நீயும் தினமும் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து, சாப்பிட்டியா, டியூசன் போனியா, ஆத்தாளுக்கு மாத்திரை கொடுத்தியா என்று பேசிக்கொண்டிருப்பாய்.

நான் டக்ட் வேலை பார்க்கிறவன் மாப்ள. தகரக் குழாயில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை. குளிர் வெளியே வந்த வழியில் உன் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூத்தவள் படுத்துக்கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே, தினமும் அதே நேரத்தில், அதே ஒரு மணி நேரம்.

புறப்படும் நாளில் சரக்கு விமானத்தில் ஏழு மரக்கூண்டுகள் ஏறின. வழியில் பார்த்துக்கொள்ளவும், அங்கே ஒரு மாதம் கூட இருக்கவும் நீ போனாய். என் ஸ்வெட்டர், சூப்பர்வைசரின் கோட்டு, யாரோ கொடுத்த குல்லா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, மூட்டை மாதிரி நின்ற உன்னை போட்டோ எடுத்தேன். ஊருக்குப் போகாத விமானத்தில் நீ ஏறியது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் அங்கிருந்து எனக்குப் பேசினாய். முதலில் குளிரைப் பற்றிச் சொன்னாய். மூக்குக்குள் இருக்கிற முடி ஊசியாகிவிடுகிறது என்றாய். பனி முன்கூட்டியே விழுந்துவிட்டதாம். குதிரைகள் மிதித்த இடத்திலும் மிதிக்காத இடத்திலும் கடப்பாரையால் குத்திப் பார்த்திருக்கிறாய். "மிதிச்ச எடம் கல்லு மாதிரி இருக்கு மச்சான். மிதிக்காத எடத்துல பனிக்கு அடியில மண்ணு பொதபொதன்னு கெடக்கு. நீ சொன்ன காயிலேதான்." அதற்குப் பிறகு உன் குரல் மாறிவிட்டது. "ஆறும் மந்தையோட போயிருச்சு. மூத்தவ மட்டும் போக மாட்டேங்கிறா. சும்மா இருந்தா தள்ளித்தான் நிக்கிறா. நான் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாப் போதும், எங்கிருந்தாலும் வந்து வேலியில கழுத்தைப் போட்டுக்கிட்டு நிக்கிறா. நான் என்ன தப்பு பண்ணேன் மச்சான்? தூக்கத்துல ஏதும் உளறினேனா?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், ஆள் இல்லாத கொட்டகையில், யாருக்கும் தேவைப்படாத அந்த இடைவெளியை டேப் போட்டு அடைத்தேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் அர்பாபுக்குப் போகும், வேலை போய்விடும் என்று முதலில் பயம். பிறகு பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் பயத்தைவிட நாள்பட நிற்கிறது.

அன்றோடு நீ ஊருக்குப் பேசுவதை நிறுத்திவிட்டாய். பத்து நாள் கழித்து உன் மனைவி எனக்கு போன் போட்டு, "அண்ணே, அவரு நல்லாத்தானே இருக்காரு? மறைக்காமச் சொல்லுங்க," என்று அழுதது. ஒட்டகம் குரலை மறக்கணும், அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்று விளக்கினேன். பிறகு, "எங்களவிட அது பெருசாப் போச்சாக்கும்," என்றது. குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

நீ திரும்பி வந்தபோது பாதி ஆளாக இளைத்திருந்தாய். ஆனால் அந்த ஊரை உன் வாயிலிருந்து இறக்க முடியவில்லை. "அங்க ஒரு மாசம் யாரும் என்னைய யல்லா யல்லான்னு வெரட்டல மச்சான்," என்பாய். டாக்டரம்மா வீடியோ அனுப்பும்போதெல்லாம் போனைப் பெரிதாக்கித் திமில்களை எண்ணுவாய். பன்னிரண்டுதான் தேறும். மூத்தவள் உள்வேலிக்குள் தனியே இருந்தாள், கடைசி வேலியைத் தாண்ட அவளுக்கு அனுமதி இல்லை. அடுத்த குளிர்காலத்துக்கு நீ மறுபடி போய், எதிரே நின்று பேசிப் பார்த்து, அவள் வருகிறாளா என்று சோதிப்பதாக ஏற்பாடு. அர்பாப்கூடச் சரி என்றுவிட்டார். அதற்கு முன்னால் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லீவில் போனாய். நாற்பது நாள் லீவு. முப்பத்தாறாம் நாள் காலையில் காபியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். டூட்டிக்கு ஒரு நாள்கூட லேட்டாக வராதவன், அந்தத் தடவை வரவே இல்லை.

பண்ணையில் எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. ஷார்ஜாவுக்கு வந்துவிட்டேன். எதிர்க் கட்டில் இல்லாத அறையாகப் பார்த்து எடுத்தேன்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் டாக்டரம்மா எழுதினார். என் இங்கிலீஷுக்குத் தகுந்த மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவார். மூத்தவள் இப்போது எங்கள் யார் குரலுக்கும் வருவதில்லை. புல்லைத் தானே பறித்துத் தின்கிறாள். ஆனால் அவள் முதலில் பழகியது உங்கள் நண்பர் குரலுக்கு. அதற்கும் வராமல் இருந்தால் வேலியைத் திறந்துவிடலாம். வந்தால் இனி ஒருபோதும் திறக்க முடியாது. அவர் குரல் எங்காவது பதிவாகி இருக்கிறதா?

உன் மனைவிக்குப் பேசினேன். "இல்லண்ணே," என்றது. "அத்தனை வருசமும் தெனம் பேசினாரு. எல்லாம் நேரா பேசின பேச்சு. ஒண்ணுகூட நிக்கல." அப்போதுதான் டக்ட் விஷயத்தை அதனிடம் சொல்லிவிட்டேன். என்னால்தான் மூத்தவள் பட்டியில் கிடக்கிறாள், என்னால்தான் அவன் தன்னையே நொந்துகொண்டு செத்தான் என்று. உன் மனைவி என்னைத் திட்டவில்லை மாப்ள. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தக் காத்து வரலேன்னா அந்த வெயில்ல அவரு எங்கண்ணே எங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசியிருப்பாரு?" என்றது.

உன் குரல் இருந்தது என்னிடம் மட்டும்தான். ஒரே அறையில் இருந்தவனுக்கு எவனாவது ஆசையாகப் பேசி அனுப்புவானா? எல்லாம் கடைச் சாமான் வாங்கச் சொல்லும் வாய்ஸ் மெசேஜ். தேடி, நன்றாகக் கேட்கிற ஒன்றை எடுத்து அனுப்பினேன். அனுப்பின பிறகு, அவள் திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மனதுக்குள் இன்னொருத்தன் இருந்துகொண்டு, ஒரு தடவை திரும்பித்தான் பார்க்கட்டுமே என்றான். அவனை அடக்கவே முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு வீடியோ வந்தது. அறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன், போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. மூத்தவள் உடம்பு முழுக்க மயிர் மூடி, ஒரு புண் இல்லாமல், ராணி மாதிரி நிற்கிறாள். சாய்ந்த திமில்கூட நிமிர்ந்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். நீ மறுபடி போக ஆசைப்பட்ட அந்த ஊரில், அந்த அமைதியில், உன் குரல் கிளம்பியது.

"மச்சான், வர்றப்ப பச்சமிளகா வாங்கிட்டு வா. நேத்து மாதிரி மறந்துட்டு வந்து நிக்காத. காது கேக்குதா?"

அவள் தலையைத் தூக்கினாள். கிழிந்த காது ஒரு தடவை அசைந்தது. மென்றுகொண்டே கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தாள். பிறகு குனிந்து, முன்காலால் பனியை இரண்டு உதை உதைத்து, கீழே இருந்த புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பக்கம் திரும்பாமலே எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். இந்த வசந்தத்தில் வேலியைத் திறக்கிறார்கள். நீ ஜெயித்துவிட்டாய் மாப்ள. அவளுக்கு உன்னை மறக்க நீ சொல்லிக்கொடுத்துவிட்டாய். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் திரும்பவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதை நான் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை உன் குரல் கேட்டதுமே நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கும் பச்சைமிளகாய் வாங்காமல்தான் வந்திருந்தேன்.